என்னிடம் ஏன் சொல்லவில்லை, தம்பி?



ஞாயிறுதோறும் தவறாமல் ஆராதனைக்கு வந்து, கைதட்டிப் பாடி, காணிக்கை செலுத்தி, "ஸ்தோத்திரம் பாஸ்டர்" என்று புன்னகையோடு விடைபெறும் ஒருவர், அந்த வாரமே தம் உயிரை விட்டுவிடத் தீர்மானித்திருந்தார் என்று பிற்பாடு அறிந்தால் உங்களுக்கு எப்படியிருக்கும்? எனக்கு அது நேர்ந்தது. தேவனுடைய கிருபையால் அவர் இன்று உயிரோடிருக்கிறார். ஆனால் அந்த இரவில் அவருக்குத் துணைநின்றது நானல்ல, எங்கள் சபையுமல்ல. முன்பின் அறியாத ஒரு குரல்தான் துணைநின்றது.

அவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். அவர் இன்னாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அடைத்த கடையின் படியில்

சீத்தா கேம்ப்பின் குறுகிய சந்தொன்றில் குடியிருக்கும் வாலிபர் அவர். மனைவி, கைக்குழந்தை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாயார் ஆகியோருடன் ஓர் அறையிலும், ஏணி வைத்து ஏறும் மேல்தட்டிலுமாகக் குடித்தனம். பிழைப்பு ஒரு தையல் பட்டறையில். தெருவில் ஒருவர் நடத்திய சீட்டில் தாமும் சேர்ந்து, தம் வார்த்தையை நம்பிய ஏழு குடும்பங்களையும் அதில் சேர்த்துவிட்டார். சீட்டு நடத்தியவர் ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். ஏழு குடும்பத்தாரும் இவர் வாசலில் வந்து நின்றார்கள்.

மூன்று வாரமாக அவருக்கு உறக்கமில்லை. உணவு இறங்கவில்லை. பட்டறையில் செய்த வேலையெல்லாம் பிழையாயிற்று. நாம் இல்லாமற்போனால் வீட்டாருக்குப் பாரம் குறையும் என்ற எண்ணம் மெல்லத் தலைதூக்கி, பின்பு இரவும் பகலும் விடாமல் பிடித்துக்கொண்டது. அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவர் சபைக்கு வந்திருந்தார். ஒருநாள் அவர் குழந்தையைத் தூக்கி நான் ஆசீர்வதித்துமிருக்கிறேன். அவர் முகத்தை உற்றுப் பார்த்தேனா என்று கேட்டால், இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நள்ளிரவு கடந்தபின், வீட்டில் பேச இடமில்லாமல் வெளியே வந்து, அடைத்திருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து 14416 என்ற எண்ணை அழைத்தார். தாயாருக்கு மருந்து வாங்கப் போன ஆஸ்பத்திரியின் சுவரில் பார்த்த எண் அது. தமிழில் பேசவேண்டும் என்றார். சற்று நேரத்தில் ஒரு சகோதரியின் குரல் கேட்டது.

அந்தச் சகோதரி சுற்றிவளைக்கவில்லை. "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறீர்களா?" என்று நேரடியாகக் கேட்டார். இவர் ஆம் என்றார். பிற்பாடு என்னிடம், "அந்த வார்த்தையை அன்னைக்குத்தான் முதல்முதலா வாய்விட்டுச் சொன்னேன் பாஸ்டர். சொன்னதும் அழுகை வந்துச்சு. அழுது முடிக்கிற வரைக்கும் அவங்க குறுக்கே பேசலை" என்றார். பின்பு அந்தச் சகோதரி, வீட்டில் யாரை எழுப்பலாம் என்று கேட்டு, மனைவியை எழுப்பச் செய்து, விடியும்வரை தனியே இருக்கவேண்டாமென்று இருவருக்கும் சொல்லி, மறுநாள் மருத்துவரைப் பார்க்கும்படி வழிகாட்டினார். சயான் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் அவருக்குச் சிகிச்சை தொடங்கியது.

இரண்டு மாதம் கழித்தே எனக்கு இது தெரியவந்தது. கேட்ட மாத்திரத்தில் நான் சற்று மனத்தாங்கலோடு, "என்னிடம் ஏன் சொல்லவில்லை, தம்பி?" என்றேன்.

அவர் வெகுநேரம் தலைகுனிந்திருந்தார். பிறகு, "தப்பா நினைக்காதீங்க பாஸ்டர். போன வருஷம் பக்கத்துத் தெருவில ஒரு பையன் இறந்தப்போ, அப்படிச் சாகிறவங்களுக்கு நரகந்தான், அடக்கத்துக்கும் நான் போகமாட்டேன்னு பிரசங்கத்தில சொன்னீங்க. நான் கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தேன்" என்றார். சிறிது பொறுத்து, "அதுவுமில்லாம, உங்ககிட்ட சொன்னா வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில ஜெபக்குறிப்பா வந்துடும். சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிடும்" என்றும் சொன்னார்.

பிரியமானவர்களே, இரண்டுக்கும் என்னிடத்தில் பதிலில்லை. இரண்டும் உண்மை.

அந்நியரிடம் ஏன் போகிறார்கள்?

அந்த உரையாடலுக்குப் பிறகு பல நாள் இதைப்பற்றியே சிந்தித்தேன். சாக நினைக்கிற மனிதன் பெற்ற தாயிடம் சொல்லாததை, கட்டிய மனைவியிடம் சொல்லாததை, மேய்ப்பனிடம் சொல்லாததை, பெயர்கூடத் தெரியாத ஒருவரிடம் ஏன் சொல்கிறான்?

நம் சீத்தா கேம்ப்பையே எண்ணிப் பாருங்கள். 1976-ஆம் ஆண்டு, நெருக்கடி நிலைக் காலத்தில், பாபா அணுசக்தி ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனியிலிருந்து பல்லாயிரம் பேர் அகற்றப்பட்டு இந்தச் சேற்று நிலத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். வீடிழந்த துயரம் எல்லாருக்கும் பொதுவாயிருந்தது. ஒருவர் அழுவதைக் கண்டு மற்றவர் ஏனென்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. இன்றைய துயரங்கள் வேறு வகையானவை. கடன், குடி, பரீட்சையில் தோல்வி, தாம்பத்தியத்தில் கசப்பு, தீராத நோய். இவை ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குள் மட்டும் நிற்கிற துயரங்கள். வெளியே தெரிந்தால் அவமானம் என்று மறைக்கப்படுகிறவை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், தும்மினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அழுதாலும் கேட்கும். ஆகவே ஜனங்கள் அழுவதில்லை.

அந்நியருக்கு நம் மாமியாரைத் தெரியாது. நம் ஊரைத் தெரியாது. நாளை சந்தையில் நம்மைக் கண்டு முகம் சுளிக்கமாட்டார். சொன்னது அவரோடு நின்றுவிடும். இந்த இரகசியம் காக்கும் உறுதியையே துயரப்படுகிறவன் தேடுகிறான். நம்மிடத்தில் அது கிடைக்காது என்று அவன் கண்டுகொண்டிருக்கிறான்.

இது எங்கோ சிலருக்கு நேரும் காரியம் என்று தள்ளிவிடாதிருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். மாநிலங்களில் முதலிடம் மகாராஷ்டிரா, 22,746 பேர். இரண்டாமிடம் தமிழ்நாடு, 19,834 பேர். நாம் பிழைக்க வந்த மாநிலமும், நம் பிதாக்களின் மாநிலமும்! இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் தினக்கூலி செய்து பிழைத்தவர்கள். நம் சபைகளின் பாய்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு போதகரும் ஒரு தொலைபேசியும்

அந்நியரின் செவிக்கு இவ்வளவு வல்லமை உண்டென்று உலகத்துக்குக் காட்டியவர்களில் ஒருவர், நம்மைப்போல் ஊழியம் செய்த ஒரு குருவானவரே. இங்கிலாந்து தேசத்து ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சாட் வாரா என்பது அவர் பெயர். 1935-இல், ஊழியத்தின் தொடக்கத்தில், லிங்கன் நகரில் அவர் நடத்திய முதல் அடக்க ஆராதனை 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு. அவள் பருவமடைந்திருந்தாள், அது இன்னதென்று அறியாமல் வெட்கத்துக்குரிய நோயென்று பயந்து உயிரை மாய்த்துக்கொண்டாள். ஒருவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் பயம். கேட்பதற்கு அவளுக்கு ஒருவரும் இல்லை. அந்தச் சிறுமியை அவர் மறக்கவேயில்லை.

1953-இல் லண்டன் நகரின் புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்துக்கு அவர் பொறுப்பேற்றார். சாக நினைக்கிறவர்கள் எந்நேரமும் அழைக்கலாமென்று அங்கே ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி முதல் அழைப்பு வந்தது. தொலைபேசியில் அழைத்தவர்களோடு, நேரில் வந்தவர்களும் பெருகினார்கள். அவரைக் காணக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சில சாதாரண சபையார் முன்வந்தார்கள். விரைவிலேயே ஒன்றை அவர் கவனித்தார். காத்திருந்தவர்களில் பலர், குருவானவரைப் பார்க்காமலே ஆறுதலடைந்து வீடு திரும்பினார்கள். அந்தச் சாதாரண மனிதரிடம் சொல்லி முடித்ததே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தது.

அவர் அதற்காக வருத்தப்படவில்லை. 1954 பிப்ரவரியில் தொலைபேசியை அந்தத் தொண்டர்களிடமே ஒப்புவித்துவிட்டார். நல்ல சமாரியனை நினைவூட்டி ஒரு பத்திரிகை சூட்டிய பெயர் நிலைத்து, அந்த அமைப்பு 'சமாரியர்' என்று வழங்கலாயிற்று. அழைப்பவர்மேல் தங்கள் மதத்தைத் திணிக்கக்கூடாது என்பதும், கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதும் அவர்களுடைய நியமங்கள். சாட் வாரா 2007-இல் தமது 95-ஆம் வயதில் காலமானார்.

அந்த வழியில் நம் பக்கத்திலும் விளக்குகள் ஏற்றப்பட்டன. இலங்கையில் 1974-இல் 'சுமித்திரயோ' தொடங்கியது. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் 'சிநேகா'வைத் தொடங்கினார். அங்கே அழைப்புகளை ஏற்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வத் தொண்டர்கள். அழைப்பவர் தம் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. பரீட்சையில் தோற்ற மாணவர்கள் ஓராண்டு காத்திராமல் உடனே மறுதேர்வு எழுதும் ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்ததற்கு சிநேகாவின் முயற்சியும் ஒரு காரணம். நமக்கு இன்னும் அருகில், நாம் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் தேவனாரில், டாடா சமூக அறிவியல் நிறுவனம் 2012-இல் 'ஐகால்' என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையைத் தொடங்கியது. 2022 அக்டோபர் 10-இல் மத்திய அரசு 'டெலி மானஸ்' சேவையைத் தொடங்கியது. நம் தம்பி அழைத்த 14416 அதுவே. இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும், கட்டணமில்லை, தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் பேசலாம்.

தண்டனை என்ற பயம்

நம்மில் அநேகர் உதவி தேடத் தயங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது ஓராண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு வெகுகாலம் சொல்லிவந்தது. போலீஸ் வருமே என்று பயந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்து இழந்துபோன குடும்பங்கள் உண்டு. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும் என்றும், அவரைப் பராமரித்து மறுவாழ்வு அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் வழக்கத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309-ஆம் பிரிவு இல்லை.

தேசத்தின் சட்டமே தண்டனையை விட்டு இரக்கத்தின் பக்கம் திரும்பியிருக்க, பிரசங்க பீடத்திலிருந்து நான் தண்டனை கூறிக்கொண்டிருந்தேன். உயிர் தேவன் தந்தது, அதை எடுக்க நமக்கு உரிமையில்லை என்று நான் இன்றும் விசுவாசிக்கிறேன், போதிக்கிறேன். ஆனால் இறந்துபோன ஒருவருடைய நித்தியத்தைத் தீர்க்கும் நியாயாசனம் எனக்குக் கொடுக்கப்படவில்லை. நான் அச்சுறுத்தினால் ஒருவரும் அந்த எண்ணத்தைக் கைவிடமாட்டார்கள், என்னிடம் சொல்வதை மட்டுமே கைவிடுவார்கள் என்பதை அந்த வாலிபர் எனக்குக் கற்பித்தார்.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலையில்

வேதாகமக் கல்லூரியில் அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை படித்தேன். சிறைச்சாலைக்காரனின் இரட்சிப்பைப்பற்றிப் பிரசங்கமும் செய்திருக்கிறேன். அதிலுள்ள ஒன்றை மட்டும் கவனிக்கத் தவறியிருந்தேன். கைதிகள் தப்பிவிட்டார்கள் என்று எண்ணி, அவமானத்துக்கும் தண்டனைக்கும் பயந்து, அந்த மனிதன் சாகத் துணிந்தான். பவுல் முதலாவது செய்தது என்ன? இருளில் உரத்த சத்தமிட்டு, தனக்குத் தீங்கு செய்துகொள்ளாதபடி அவனைத் தடுத்தார். தாங்கள் எல்லாரும் அங்கேயே இருப்பதாகத் தெரிவித்தார். அவன் கோழைத்தனத்தைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த நேரத்தில் உபதேசமும் செய்யவில்லை. சுவிசேஷம் பேசப்பட்டது அவனாகவே கேட்ட பிறகு.

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில், போதும், சாகிறேன் என்று சோர்ந்து படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும். எலியா மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாந்தரமும் எழுப்பிப் புசிக்கச் சொன்னான். கேள்வி கேட்கப்பட்டது அதற்கும் வெகுநாள் கழித்து, ஓரேபில். அப்படியானால் உறக்கத்துக்கும் உணவுக்கும் மருந்துக்கும் வழிசெய்வதை அவிசுவாசம் என்று நாம் எப்படிச் சொல்லலாம்?

நீங்கள் செய்யக்கூடியவை

வாசகரே, இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

முதலாவது, கவனியுங்கள். தான் மற்றவர்களுக்குப் பாரமென்று அடிக்கடி சொல்லுதல், உறக்கம் கெடுதல், கூட்டத்திலிருந்து விலகுதல், அருமையான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், காரணமில்லாமல் விடைபெறுவதுபோல் பேசுதல் ஆகியவற்றை அற்பமாக எண்ணாதீர்கள். சொல்லுகிறவன் செய்யமாட்டான் என்ற பழைய பேச்சு பொய்.

இரண்டாவது, நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதலே பெரும்பாலும் உண்டாகிறது.

மூன்றாவது, கேட்டபின் பேசாதிருங்கள். யோபுவின் சிநேகிதர் ஏழுநாள் தரையில் அவனோடு மௌனமாய் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதராயிருந்தார்கள். வாய் திறந்தபின்பே அவனை வேதனைப்படுத்தினார்கள். "விசுவாசம் போதவில்லை", "பிள்ளைகளை நினைத்தாயா?", "உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா?" என்பவற்றை அந்த நேரத்தில் சொல்லவேண்டாம். ஜெபியுங்கள், ஆனால் அவர் சொல்லி முடிப்பதற்குள் ஜெபத்தைத் தொடங்கி அவர் வாயை அடைக்காதிருங்கள்.

நான்காவது, ஆபத்து நெருங்கியிருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். தீங்கு விளைவிக்கும் பொருள்களை அவர் கைக்கு எட்டாதபடி அகற்றுங்கள். 14416-ஐ நீங்களே அழைத்துக் கொடுங்கள். அல்லது அரசு ஆஸ்பத்திரிக்குக் கூடவே போங்கள். உடனடி ஆபத்தில் 112-ஐ அழையுங்கள். சென்னையிலுள்ள சிநேகாவின் எண் 044-24640050.

ஐந்தாவது, இரகசியத்தைக் காப்பாற்றுங்கள். அவர் உயிரைக் காக்கத் தேவையானவருக்குச் சொல்லுங்கள். அதுவும் அவருக்குத் தெரிவித்தே சொல்லுங்கள். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் ஊருக்குச் சொல்லாதீர்கள்.

எங்கள் சபையில் இப்போது

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையில், முந்தின ஆண்டு நான் பேசியது தவறு என்று சபைக்கு முன்பாக அறிக்கையிட்டேன். அந்த வாரமே, இறந்துபோன பையனுடைய பெற்றோரின் வீட்டுக்குப் போனேன். அவர்கள் என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்தார்கள். தாயார் தேநீர் கொடுத்துவிட்டு, "ஒரு வருஷமா யாரும் அவன் பேரைச் சொல்லலை பாஸ்டர்" என்றார். மகனைப்பற்றி ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடக்க நாளிலேயே செய்திருக்க வேண்டியது அது.

உபவாச ஜெபத்தில் இனி பெயர் சொல்லிக் குடும்பக் காரியங்களை வாசிப்பதில்லை என்று மூப்பர்களோடு சேர்ந்து தீர்மானித்தோம். 14416 என்ற எண்ணைச் சபை வாசலில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே, பெரிய எழுத்தில் எழுதிவைத்திருக்கிறோம். போதகரை விட்டு அந்நியரிடம் போகச் சொல்லுகிறீர்களே என்று ஒரு மூப்பர் வருத்தப்பட்டார். எந்தச் செவி முதலில் கிடைக்கிறதோ அந்தச் செவி நமக்குப் போதும் என்றேன்.

அந்த வாலிபரின் கடன் இன்னும் தீரவில்லை. இரண்டு மூப்பர்களும் நானும் அவரோடு ஏழு குடும்பத்தாரிடமும் போனோம். ஐந்து குடும்பத்தார் மாதத் தவணைக்கு ஒத்துக்கொண்டார்கள். இரண்டு குடும்பத்தார் இன்னும் அவரோடு பேசுவதில்லை. மருந்து தொடர்கிறது, உறக்கம் வந்திருக்கிறது. சென்ற மாதம் ஆராதனை முடிந்து எல்லாரும் போனபின் அவர் தங்கி நின்றார். "என்ன தம்பி?" என்றேன். "இந்த வாரம் மனசு கொஞ்சம் சரியில்லை பாஸ்டர். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு" என்றார்.

நான் கதவைச் சாத்திவிட்டு அவர் அருகில் பாயில் உட்கார்ந்தேன்.

பிரியமான வாசகரே, இதை வாசிக்கிற நீங்களே அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டிருப்பீர்களானால், இந்த இரவைத் தனியே கடக்கவேண்டாம். ஒருவரை எழுப்புங்கள், ஓர் எண்ணை அழையுங்கள். கேட்பதற்கு ஆள் உண்டு. கர்த்தர் தாமே உங்களைத் தாங்குவாராக. ஆமென்.